இரண்டாவது தோட்டாக் கூடு

கசன்லாக்
2006 மார்ச் 12, ஞாயிறு

வெலிகாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். முழங்கால்தான் படியேற மறுக்கிறது. உன் புத்தாண்டு அட்டை வந்தது. ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று எழுதியிருந்தாய். முப்பத்தேழு வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இரண்டு வார்த்தை. அஞ்சல்காரர்கூட இதைவிட அதிகம் பேசுகிறார்.

தொலைபேசி வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். அதில் மாற்றமில்லை. தொலைபேசியில் சொன்னதை மறுநாள் எடுத்து வைத்துச் சரிபார்க்க முடியாது. தாளில் இருந்தால் முடியும். நீயும் அந்தத் தொழிலில் இருந்தவள்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2002 பிப்ரவரியில் நம் வாசகசாலையில் நான் ஒரு சொற்பொழிவு செய்தேன். என் வாழ்நாளில் செய்த ஒரே சொற்பொழிவு. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாற்பத்தொரு வருடம் துப்பாக்கித் தொழிற்சாலையின் கருவிப் பட்டறையில் நின்றவன். மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நானாகப் படித்துக்கொண்டது. அன்று நான் சொன்னது ஒன்றுதான். நம் ஊரைச் சுற்றியுள்ள கல்லறை மேடுகளுக்குள் படுத்திருக்கும் திரேசிய அரசர்களில் ஒருவன் கையில், இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்பு, நாம் செய்த துப்பாக்கி ஒன்றும் ஒரு பெட்டித் தோட்டாவும் கிடைத்திருந்தால், அவனுடைய கொல்லர்கள் அதைப் பிரித்துப் பார்த்து அதேபோல் செய்திருப்பார்கள். அருங்காட்சியகத்தில் இருக்கும் அவர்களுடைய தங்கக் கிண்ணங்களைத் தட்டிய கைகளுக்கு அது முடியும்.

மூன்றாம் வரிசையில் பழுப்புக் கோட்டோடு நீ எழுந்தாய். எல்லாரும் கேட்கும்படி சொன்னாய். “பென்யோ, ஒண்ணு செய்வான். ரெண்டாவது செய்ய மாட்டான். ஒரு துப்பாக்கியோட தோட்டா இன்னொண்ணுல போகலன்னா அது ராணுவம் இல்ல, கண்காட்சி.”

அறுபது பேர் சிரித்தார்கள். பட்டறையில் என்னோடு நின்ற கோயோதான் கடைசியாகச் சிரிப்பை நிறுத்தினான். “உள்ள வெடிமருந்துக்குப் பதிலா என்ன போடுவான் உன் திரேசியன், மிளகாய்த் தூளா?” என்று அவன் வேறு கேட்டான். மருந்தைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உலோகம்தான் என் துறை.

அதற்குப் பிறகு நாற்பது நாள் நான் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் நீ இத்தாலிக்கு பஸ் ஏறினாய்.

இத்துடன் இத்தாலிக்கு வண்டி ஓட்டும் மின்கோவின் பஸ்ஸில் ஒரு சிறு பொட்டலம் அனுப்புகிறேன். உள்ளே இரண்டு தோட்டாக் கூடுகள். செம்பில், கையால் தட்டியது. கரி அடுப்பு, மாட்டுக் கொம்பு, மரக்கட்டை, சுத்தியல், வேறு எதுவும் இல்லை. மின்கோ பயந்தான். “மாமா, இது வெடிக்குமா?” என்றான். “வெடிச்சா உன் பஸ் கொஞ்சம் வேகமாப் போகும், எடுத்துக்கடா” என்றேன்.

இரண்டாவதைச் செய்துவிட்டேன், வெலிகா. பார்த்துவிட்டு எழுது.

பென்யோ


ஃபெர்ராரா
ஏப்ரல் 4

பென்யோ,

பொட்டலம் வந்து சேர்ந்தது. நீ அதை லியுதெனிட்சாத் தொக்கு ஜாடியோடு ஒரே பையில் வைத்திருக்கிறாய். ஜாடி கசிந்துவிட்டது. உன் திரேசியப் படையின் ஆயுதத்தில் மிளகாயும் தக்காளியும் ஒட்டியிருந்தது. கோயோ சொன்னது பலித்துவிட்டது.

இருந்தாலும் ஜாடிக்கு நன்றி. வழித்துச் சாப்பிட்டேன்.

நீ எழுதியதில் ஒரு கணக்கு தப்பு. நாற்பது நாள் இல்லை, முப்பத்தெட்டு. இரண்டு நாள் நீ “உப்ப எடு” என்று சொன்னாய். நான் எடுத்துக் கொடுத்தேன்.

நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எத்தோரேவுக்கு இப்போது தொண்ணூற்றொன்று. கூடுகளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “வெலிகா, உதட்டுச் சாயத்தோட மூடியா? யாரு அனுப்பினா, காதலனா?” என்றார். “இல்ல, வீட்டுக்காரர்” என்றேன். “நாலு வருஷம் கழிச்சு மூடி மட்டுமா?” என்று கேட்டுச் சிரித்தார். நல்ல மனிதர். இன்னமும் நான் தலையை ஆட்டுவதுதான் அவருக்குப் புரிவதில்லை. சூப் வேண்டுமா என்று அவர் கேட்டால், நம் வழக்கப்படி ஆமாம் என்று பக்கவாட்டில் ஆட்டுகிறேன். அவர் என் தட்டை எடுத்துவிடுகிறார். முதல் மாதம் பாதி நாள் பட்டினி கிடந்தேன். இப்போது வாயால் சொல்லப் பழகிவிட்டேன்.

கூடுகளைப் பற்றி. முதலில், இந்தச் செம்பின் நிறம் எனக்குத் தெரியும். என் அப்பா ரக்கியாச் சாராயம் காய்ச்சிய கொப்பரையைத்தானே வெட்டினாய்? பதில் எழுது.

இரண்டாவது, தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் கேஜ் அறையில் முப்பத்து மூன்று வருடம் உட்கார்ந்த கட்டைவிரல் இது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி உருட்டிப் பார்த்தேன். எது எது என்று தெரியவில்லை. நன்றாகச் செய்திருக்கிறாய். இதை நான் சும்மா சொல்ல மாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

அதுதான் எனக்கு இடிக்கிறது. இரண்டும் இவ்வளவு ஒன்றாக இருக்கக் கூடாது. எதில் வைத்துப் பார்த்தாய்?

வெலிகா


கசன்லாக்
மே 2

வெலிகா,

நன்றாகச் செய்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். சட்டையைத் துவைக்கப் போட்டபோது மறந்துவிட்டேன். மை கலைந்துவிட்டது. ஆனால் எந்த இடத்தில் அந்த வரி இருந்தது என்று தெரியும்.

கொப்பரை ஓட்டைதான். உன் அண்ணன் கேட்டால் அப்படியே சொல்.

செய்த முறையைச் சொல்கிறேன், நீயே தீர்மானித்துக்கொள். செம்பில் ஒரு வட்டம் வெட்டுவேன். ஓக் கட்டையில் குழி தோண்டி, அதில் வைத்துக் கொம்பால் அழுத்தித் தட்டுவேன். செம்பு முறுக்கேறிவிடும். கரியில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டால் மறுபடியும் இளகும். மறுபடியும் தட்டுவேன். ஏழு முறை. பிறகு இரும்புக் கம்பியில் செருகிச் சுற்றிச் சுற்றித் தட்டி இழுப்பேன். கிண்ணம் செய்தவர்களும் இப்படித்தான் செய்திருப்பார்கள். தேறாதவை முந்நூற்று நாற்பத்தேழு. ஊறுகாய்ப் பீப்பாயில் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று வருடம்.

இந்த வருடம் ரோஜா முந்திக்கொள்ளும் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி விடியலில் பறிக்கப் போவதற்குக் கையுறை தைக்கிறாள். உன் கையுறை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அதைக் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று நினைவுக்கு வந்தது. 1963 நவம்பர். அரைத்து முடித்த இரும்புத் துண்டை எடுத்துக்கொண்டு கேஜ் அறை ஜன்னலுக்கு ஓடி வந்தேன். புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சூடா இருக்கு. கல்லு மேல வெச்சிட்டுப் போ. நாளைக்கு வா” என்றாள். அவசரம் என்றேன். “அவசரம் உனக்கு. இரும்புக்கு இல்ல” என்றாள். மறுநாள் வந்தேன். அதற்கடுத்த நாளும் வந்தேன், அன்று கையில் துண்டு எதுவும் இல்லை.

அந்தக் கறுப்புக் கல்லை, மூலை உடைந்தது என்று கழித்தபோது நாம் தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோமே, சமையலறையில் அப்படியேதான் இருக்கிறது. நீ போன பிறகு அதன் மேல் யாரும் பனிட்சாப் பலகாரத்துக்கு மாவு தேய்க்கவில்லை.

எதில் வைத்துப் பார்த்தேன் என்று கேட்டாய். கண்ணால்தான். கொல்லனுக்குக் கண் போதும்.

பென்யோ


ஃபெர்ராரா
ஜூன் 1

பென்யோ,

எத்தோரே போன வியாழக்கிழமை இறந்துவிட்டார். காலையில் காப்பி கேட்டார். கொண்டுவந்து கொடுப்பதற்குள் முடிந்துவிட்டது. அடக்கத்தில் அவர் மகளோடு நானும் முன்வரிசையில் நின்றேன். அவர் மேசையில் உன் கூடுகள் இரண்டும் இருந்தன. கடைசி மாதம் முழுக்க அவற்றைத்தான் விரலில் மாட்டிக்கொண்டு விளையாடினார். “உன் வீட்டுக்காரருக்கு எழுது, மூடி கிடைச்சது, மீதி எப்போன்னு” என்பார்.

அவர் மகளுடைய சிநேகிதி பதுவாவில் இருக்கிறாள். அவள் தாயைப் பார்த்துக்கொள்ள என்னைக் கேட்கிறாள். இரண்டு வருடத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ஜூலை முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். உன் கண்ணை எனக்குத் தெரியும், பென்யோ. 1998இல் பச்சைக் காலுறை ஒன்றும் நீலக் காலுறை ஒன்றும் போட்டுக்கொண்டு என் தங்கை மகளின் திருமணத்துக்கு வந்தவன் நீ.

முந்நூற்று நாற்பத்தேழைத் தள்ளினாய் என்கிறாய். தள்ளியது யார்? உன் கையில் செய்ததை நீயே தள்ள மாட்டாய். கடையில் வாங்கிய தக்காளியைக்கூட நீ தப்பாக வாங்கினாய் என்று ஒப்புக்கொண்டதில்லை. ஏதோ ஒன்று உனக்கு ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறது. அது என்ன என்றுதான் கேட்கிறேன்.

அன்று வாசகசாலையில் உன்னைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைக்க நான் எழவில்லை. முப்பத்து மூன்று வருடம் என் வேலையே அதுதான். துண்டைக் கொண்டுவருகிறவன் முகத்தைப் பார்க்காமல் துண்டை மட்டும் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்வது. தொழிற்சாலையில் அதற்காக என்னை மதித்தாய். வீட்டுக்காரி சொன்னபோது உனக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தெட்டு நாள் நான் சுவரோடு பேசினேன்.

கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும். அது வந்த பிறகுதான் பதுவாவுக்கு நான் பதில் சொல்வேன்.

வெலிகா


கசன்லாக்
ஜூன் 17

வெலிகா,

எத்தோரேவுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன். பார்க்காத மனிதருக்கு ஏற்றுவது இதுதான் முதல் தடவை. மீதி எப்போது என்று அவர் கேட்டதை இரண்டு தடவை படித்தேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் வாசகசாலையில் தேதி வாங்கி வைத்திருந்தேன். ஜூன் 11, ஞாயிறு. ‘பழைய திரேசியரால் இன்றைய ஆயுதத்தைச் செய்திருக்க முடியுமா, இரண்டாம் பகுதி’ என்று நானே தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன். கூடுகள் இன்னும் ஆறு தேறியிருந்தன. அவற்றை ஒரு துணியில் வரிசையாக வைத்து, எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லி, கோயோவின் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். ஒளிக்காமல் சொல்கிறேன், உன் வாயையும்.

நாற்பது பேர் வந்தார்கள். துணியைப் பிரித்தேன். கைமாற்றி எடுத்துப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. கேஜ் அறையில் உன்னோடு இருந்தவர்களில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்கள்கூடக் குறை சொல்லவில்லை. நான் நான்கு வருடமாகக் காத்திருந்த நேரம் அது.

அப்போது கோயோ ஆறையும் மேசையில் நிறுத்தி வைத்துக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டான். “எல்லாம் ஒண்ணாட்டம் இருக்கே. எதுல வெச்சுப் பாத்த?”

நீ கேட்ட அதே கேள்வி. அப்போது உன் கடிதம் இடது பையில் இருந்தது. கண்ணால் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குப் பதிலாக வலது பையிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தேன்.

உன் கேஜ், வெலிகா. உள்ளங்கை அளவு எஃகுத் தகடு, இரண்டு துளை. நீங்கள் ஆமாம் துளை, இல்லை துளை என்று கூப்பிடுவீர்களே, அதுதான். ஒன்றில் நுழைய வேண்டும், மற்றதில் நுழையக் கூடாது. தேய்ந்துவிட்டது என்று கழித்து, உன் எண் 17 மேல் குறுக்கே அரத்தால் ஒரு கோடு இழுத்து, உன்னிடமே கொடுத்தார்களே, அது. நீ போன அடுத்த குளிர்காலத்தில், கரண்டி டிராயரில் மத்தைத் தேடும்போது கையில் பட்டது. மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று நினைத்தேன். உனக்கு எழுதவில்லை. எழுதினால் அனுப்பச் சொல்வாய்.

அதுவரை நாற்பது கூடு தட்டியிருந்தேன். எல்லாம் நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை எடுத்து ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். நாற்பதில் ஒன்றும் தேறவில்லை. பாதி ஆமாம் துளையில் நுழையவில்லை. பாதி இல்லை துளையிலும் நுழைந்தது. அன்று முதல் தினமும் வேலை முடிந்ததும் நீ ஜன்னலில் உட்கார்ந்திருப்பதுபோல அதன் முன்னால் போய் நின்றேன். அது முந்நூறு தடவை இல்லை என்றது. ஒரு தடவைகூட நான் அதோடு சண்டை போடவில்லை.

இதை இப்படி விவரமாக அங்கே சொல்லவில்லை. “இது என் வீட்டுக்காரியோடது” என்று மட்டும் சொன்னேன். எல்லாரும் சிரித்திருந்தால் தேவலை. கோயோ தொப்பியைக் கழற்றி முட்டியில் வைத்துக்கொண்டு, “அப்ப உன் திரேசியனுக்கு ஒரு வெலிகா வேணும்ங்கற” என்றான்.

“வேணும்” என்றேன்.

திரேசியரால் முடியும் என்று சொன்னதிலிருந்து நான் நகரவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள். கையும் உலோகமும் நெருப்பும் அவர்களிடம் இருந்தன. ஆனால் போன வாரம் மறுபடியும் அருங்காட்சியகத்துக்குப் போய் அந்தக் கிண்ணங்களின் முன்னால் நின்றேன். ஒன்று போல இன்னொன்று இல்லை. இத்தனை வருடம் அதைப் பெருமை என்று நினைத்திருந்தேன். அரசனுக்கு வேலை செய்த கொல்லனிடம் எல்லாரும் ஆஹா என்றுதான் சொல்லியிருப்பார்கள். இது தேறாது, கொண்டு போ என்று சொல்ல ஜன்னலில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தால் எல்லாப் பாகமும் தெரியும். இல்லை என்று சொன்னவள் அதற்குள் தெரிய மாட்டாள். அவளை அவர்கள் எப்படிப் பார்த்துச் செய்வார்கள்?

பதுவா பற்றி நான் எதுவும் எழுத மாட்டேன். எழுதினால் கெஞ்சுவதுபோல இருக்கும். கேஜுக்கு எண்ணெய் தடவி டிராயரில் அதே இடத்தில் வைத்துவிட்டேன். முந்நூற்று நாற்பத்தேழும் பீப்பாயில் இருக்கின்றன. வேண்டுமானால் எண்ணிக்கொள்.

பென்யோ


ஃபெர்ராரா
ஜூன் 26

பென்யோ,

நான் அதை மறந்து வைத்துவிட்டு வரவில்லை.

துணிப்பெட்டியில் முதலில் வைத்தது அதைத்தான். பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது வெளியே எடுத்தேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு வானொலியைத் திருகிக்கொண்டிருந்தாய். கரண்டிகளுக்கு நடுவில் வைத்தேன். என்னிடம் நீ கேட்கப் போவதில்லை, அதனிடமாவது கேட்பாய் என்று தோன்றியது. நீ அதை எடுக்க ஒரு குளிர்காலம் ஆகும் என்று நினைக்கவில்லை. மத்து எப்போதும் இரண்டாவது டிராயரில்தான் இருக்கும்.

வாசகசாலையில் அதை மேசையில் வைத்தாய் என்று படித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அன்று நானும் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். சொன்னது சரிதான். சொன்ன நேரம் சூடாக இருந்தது.

உன் கூடுகளுக்கு வருகிறேன். கட்டைவிரல் சொன்னதை வைத்துத் தேறியது என்று எழுதித் தர முடியாது. கேஜ் அங்கே உன் டிராயரில் இருக்கிறது, துண்டு இங்கே என் பையில் இருக்கிறது. இந்த அறையில் முப்பத்து நான்கு டிகிரி. அதோடு அந்தக் கேஜே தேய்ந்தது என்று கழித்தது, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கேஜ் அறையின் விதி உனக்குத் தெரியும். துண்டும் கேஜும் ஒரே கல்லின் மேல் ஓர் இரவு பக்கத்தில் பக்கத்தில் கிடக்க வேண்டும். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் அளக்க வேண்டும்.

பதுவாக்காரியிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். நம் வழக்கப்படி இல்லை என்று தலையை மேலும் கீழும் ஆட்டினால் ஆமாம் என்று எடுத்துக்கொள்வாள் என்பதால் வாயால் சொன்னேன்.

மின்கோவின் பஸ் ஜூலை 4, செவ்வாய்க்கிழமை கிளம்புகிறது. மறுநாள் மாலை நம் ஊர்ச் சந்தைக்கு எதிரில் நிற்கும். முழங்கால் வலித்தால் நீ வர வேண்டாம், பெட்டி கனமில்லை. சமையலறை வடக்கு ஜன்னலைத் திறந்து வை. கல்லை நன்றாகத் துடை, மாவு இடுக்கில் ஒட்டியிருக்கும். கேஜை எடுத்து அதன் மேல் வை. பக்கத்தில் இரண்டு கூடு வைக்க இடம் விடு.

தேறவில்லை என்றால் காலையில் தேறவில்லை என்றுதான் சொல்வேன்.

வெலிகா
17